திரும்பி வரும் வாணம்



முப்பத்தைந்து ஆண்டுக் காலம் கரும்பலகைக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே நின்று பேசிப் பழகியவனுக்கு, எதிரே முகம் ஒன்றும் தெரியாத இந்த அறையில் உட்கார்ந்து பேசுவது சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது. வகுப்பறையில் என்றால் பிள்ளைகளின் கண்களைப் பார்த்தே, சொன்னது விளங்கிற்றா இல்லையா என்று தெரிந்துகொள்ளலாம். இங்கே அதற்கு வழியில்லை. ஆகையால் எங்கேனும் விளங்காமல் போனால் குற்றம் என்னுடையதே என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு தொடங்குகிறேன்.

கிரகங்களுக்குப் பிரயாணம் செய்வதற்கு, ஒரு முறை கொளுத்தி எறிந்துவிடாமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்தக்கூடிய ராக்கெட்டுகள் வேண்டும் என்கிறார்கள். அவற்றைச் செய்வதில் இன்னும் தீராமல் நிற்கும் சிக்கல்கள் யாவை என்பதே இன்றைய பேச்சு. தோல் பதனிடும் ஆம்பூரிலிருந்து வந்த பள்ளிக்கூட ஆசிரியன் ஒருவனுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். ஒரு மாணவனுக்கு நான் ஒரு விடை கடன்பட்டிருக்கிறேன். அந்தக் கடனைத்தான் இங்கே கொஞ்சம் தீர்க்கப் பார்க்கிறேன்.

1997-ஆம் ஆண்டு செப்டம்பர் 29-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டு ஒன்று புறப்பட்டது. காகம் பறக்கும் வழியில் அளந்தால் வேலூருக்கும் அந்தத் தீவுக்கும் சுமார் 150 கிலோமீட்டர்தான். மறுநாள் ஒன்பதாம் வகுப்பில் அதைப் பற்றிச் சொன்னேன். அடுக்கடுக்காக எரிந்து, எரிந்த அடுக்கு ஒவ்வொன்றும் கழன்று கடலில் விழும் என்று படம் போட்டுக் காட்டினேன். பின்வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். அவன் தகப்பனார் தோல் ஷாப்பில் உருளை ஓட்டுகிறவர். "சார், எங்கள் ஷாப்பில் எதையும் வீணாக்க மாட்டார்கள். மயிரை ஒருவர் வாங்கிப் போகிறார். சதைத் துணுக்கைப் பசை காய்ச்ச ஒருவர் வாங்கிப் போகிறார். வெட்டின ஓரத்துண்டுக்குக்கூட ஆள் வருகிறது. இவ்வளவு பணம் போட்டுச் செய்த ராக்கெட்டை ஏன் சார் கடலில் போடுகிறார்கள்?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. எனக்கு விடை தெரியாது. தெரியாது என்று சொல்லும் தைரியம் அந்த வயதில் இல்லை. "கொளுத்தின வாணம் திரும்பி வருமா அப்பா? உட்கார்" என்றேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. அவன் உட்கார்ந்தான். அதற்குப் பிறகு அவன் என் வகுப்பில் எழுந்து நின்று கேட்டதாக எனக்கு நினைவில்லை. பத்தாம் வகுப்போடு நின்று, காலணித் தொழிற்சாலை ஒன்றில் மேல்தோல் வெட்டும் வேலைக்குப் போய்விட்டான்.

பதினெட்டு ஆண்டுகள் கழிந்தன. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாதக் கடைசியில் ஒருநாள் அந்தி நேரம். என் வீட்டு வாசலில் ஒருவர் வண்டியை நிறுத்தினார். அவன்தான். மீசை வைத்திருந்தான், முன்தலை வழுக்கை. சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்து என் முன்னே நீட்டினான். அமெரிக்காவின் புளோரிடாக் கரையில், ஃபால்கன் 9 என்னும் ராக்கெட்டின் முதலடுக்கு, செயற்கைக்கோள்களை மேலே அனுப்பிவிட்டு, நெருப்பைக் கக்கிக்கொண்டே இறங்கி, நட்டுவைத்த தூண்போல் தரையில் நின்றது. நம் நாட்டு நேரப்படி அது டிசம்பர் 22-ஆம் தேதிக் காலையில் நடந்தது. "சார், வாணம் திரும்பி வந்துவிட்டது" என்றான். கேலியாகச் சொல்லவில்லை. சந்தோஷமாகத்தான் சொன்னான். அதனால்தான் எனக்கு அது அதிகமாக உறைத்தது.

அன்றிலிருந்து இந்த விஷயத்தைத் தேடிப் படிக்கலானேன். பணி ஓய்வு பெற்ற பிறகு அதற்கு நேரமும் கிடைத்தது.

வாணம் என்றால் எங்கள் பக்கத்து மக்களுக்குப் புதிதன்று என்பதை இடையிலே சொல்லிவிடுகிறேன். 1780-ஆம் ஆண்டு காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் ஐதர் அலியின் படை ஆங்கிலேயர் மீது ஏவிய இரும்புக் குழல் வாணங்களைச் சரித்திரம் படித்தவர் அறிவர். அவற்றைப் பார்த்துத்தான் பிற்காலத்தில் காங்கிரீவ் என்னும் ஆங்கிலேயர் தம் நாட்டில் வாணம் செய்யத் தலைப்பட்டார். திப்பு சுல்தான் மாண்ட பின் அவருடைய குடும்பத்தாரைக் காவலில் வைத்திருந்தது எங்கள் வேலூர்க் கோட்டையில். வாணியம்பாடிக்கு அப்பால், ஜவ்வாது மலைக் காவலூரில் இருக்கும் வானாராய்ச்சி நிலையத்தில், 1977-ஆம் ஆண்டு யுரேனஸ் கிரகத்தைச் சுற்றி வளையங்கள் இருப்பதற்கான அடையாளத்தைக் கண்டவர்களும் உண்டு. ஆகவே தோல் வாடைக்கு நடுவிலும் ஆகாயத்தைப் பார்க்கிற வழக்கம் எங்களுக்கு உண்டு.

இனி, பையனுடைய கேள்விக்கு வருகிறேன். ஏன் எறிகிறார்கள்?

பாரம்தான் காரணம். செவ்வாய்க்குச் சென்ற நம் மங்கள்யானை எடுத்துக்கொள்ளுங்கள். 2013-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் தேதி அதைத் தூக்கிச் சென்ற பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் எடை சுமார் 320 டன். அது சுமந்து சென்ற மங்கள்யானின் எடை 1,337 கிலோகிராம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நூற்றுக்கு அரைப் பங்குகூட இல்லை. மற்றதெல்லாம் எரிபொருளும் அதை வைத்திருக்கும் கூடும்தான். ஏலகிரி மலைக்கு நடந்து ஏறுகிறவர் ஒருவர், மேலே தண்ணீர் கிடைக்காது என்று தெரிந்து, இறங்குவதற்கு வேண்டிய தண்ணீரையும் சேர்த்தே சுமந்து ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தண்ணீரைச் சுமப்பதற்கே அவருக்கு அதிகத் தாகம் எடுக்கும். அந்தத் தாகத்திற்கு இன்னும் ஒரு குடம் வேண்டும். ராக்கெட்டின் நிலைமையும் அஃதே. திரும்பி இறங்க வேண்டிய எரிபொருளையும், கால்களையும், கவசத்தையும் மேலே தூக்கிச் செல்வதற்கென்றே மேலும் எரிபொருள் வேண்டும். ருஷிய நாட்டுப் பள்ளி ஆசிரியர் சியால்கோவ்ஸ்கி என்பவர் 1903-ஆம் ஆண்டிலேயே இந்தக் கணக்கை எழுதி வெளியிட்டார். அவரும் பள்ளி ஆசிரியர் என்பதில் எனக்கு ஒரு சிறு பெருமை.

ஃபால்கன் ராக்கெட்டின் முதலடுக்கைத் திரும்பப் பெறுவதற்காக, அது தூக்கக்கூடிய பாரத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்கிறார்கள். விட்டுக்கொடுத்தும் ஆதாயம் கிடைக்கிறது. ஒரே முதலடுக்கு முப்பது தடவைக்கு மேல் பறந்திருக்கிறது. 2025-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஓர் அடுக்கு இறங்கி, ஒன்பதே நாளில் மறுபடியும் புறப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 13-ஆம் தேதி நியூ க்ளென் என்னும் வேறொரு ராக்கெட்டு, எஸ்கபேட் என்ற இரட்டை விண்கலங்களைச் செவ்வாய்ப் பிரயாணத்துக்கு அனுப்பிவிட்டு, தன் முதலடுக்கைக் கடலில் நின்ற கப்பலின்மீது இறக்கிக்கொண்டது.

அப்படியானால் காரியம் முடிந்துவிட்டதே என்று தோன்றும். முடியவில்லை. திரும்பி வந்தது கீழடுக்கு மாத்திரமே. அது பிரிகிறபோது அதன் வேகம் வினாடிக்குச் சுமார் இரண்டு அல்லது இரண்டரைக் கிலோமீட்டர். பூமியைச் சுற்றி வரும் மேலடுக்கின் வேகமோ வினாடிக்கு ஏறத்தாழ 7.8 கிலோமீட்டர். வேகம் மூன்று மடங்கு என்றால், அழிக்க வேண்டிய சக்தி ஒன்பது மடங்கு. வேகத்தின் வர்க்கம் என்று ஒன்பதாம் வகுப்பில் நாம் மனப்பாடம் செய்தோமே, அது இங்கே நெருப்பாக வந்து நிற்கிறது.

இந்த இடத்தில் நான் செய்த தவறு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். வான்வெளியிலிருந்து இறங்குகிற கலம் காற்றோடு உராய்வதால் சூடாகிறது என்று பல ஆண்டுகள் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். உராய்வும் உண்டு. ஆனால் வெப்பத்தின் பெரும்பகுதி, கலத்தின் முன்னால் இருக்கும் காற்று விலகிப் போக நேரமில்லாமல் நசுக்கப்படுவதால் உண்டாகிறது. சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது குழாயின் அடிப்பக்கம் சுடுகிறதல்லவா, அதைப் போல. என்னிடம் படித்தவர்கள் யாரேனும் கேட்டுக்கொண்டிருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

இந்த வெப்பத்தைத் தாங்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கவசமே கருகித் தேய்ந்து, தேயும்போது வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போய்விடும் வழி. சந்திரனுக்குப் போய் வந்த அப்பல்லோ கலங்கள் அப்படித்தான் வந்தன. செருப்பின் அடித்தோல் தான் தேய்ந்து காலைக் காப்பது போல. ஆனால் தேய்ந்த கவசத்தை மறுபடி உபயோகிப்பது எப்படி? இரண்டாவது வழி, தேயாத கவசம். மணலின் மூலப்பொருளாகிய சிலிக்காவை இழையாக்கிச் செய்த ஓடுகளைப் பதித்து வைப்பது. நம் நாட்டு விஞ்ஞானிகள் 2007-ஆம் ஆண்டு ஜனவரியில் விண்வெளிக்கு அனுப்பி, 12 நாட்களுக்குப் பின் வங்காள விரிகுடாவில் பத்திரமாக இறக்கி எடுத்த சிறு கலத்திலும் இத்தகைய ஓடுகள் உண்டு.

அமெரிக்காவின் விண்வெளி ஓடம் இந்த இரண்டாவது வழியில் சென்றது. அதன் உடம்பில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஓடுகள். ஒவ்வொன்றும் அது அதற்கென்று வெட்டப்பட்டது. ஓரிடத்து ஓடு இன்னோரிடத்திற்குப் பொருந்தாது. இரண்டு வாரத்தில் மறுபடி கிளம்பும் என்று சொல்லித்தான் தொடங்கினார்கள். நடந்தது என்னவென்றால், ஒரே ஓடம் இரு முறை கிளம்பியதற்கு இடைப்பட்ட மிகக் குறைந்த காலம் 54 நாள். அதுவும் 1985-இல் ஒரே ஒரு தடவை. மற்றபடி மாதக்கணக்கில் ஓடு ஓடாகத் தட்டிப் பார்த்து, மாற்றி, ஒட்டி, மறுபடியும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1981 முதல் 2011 வரை 135 பிரயாணங்கள். எந்த ஆண்டிலும் ஒன்பதுக்கு மேல் போகவில்லை. பழைய பூட்சுக்கு அடி தைக்கிற கூலி புதுப் பூட்சின் விலையைத் தாண்டிவிட்டால் அந்தத் தையலுக்கு என்ன பொருள்?

இத்தனை பார்த்தும் இரண்டு ஓடங்கள் போயின. 1986-இல் சாலஞ்சர், கடலிலிருந்து மீட்டு மறுபடி உபயோகிக்கும்படி செய்யப்பட்ட பக்கவாட்டு ராக்கெட்டின் மூட்டில், குளிரால் ஒரு ரப்பர் வளையம் விறைத்துப்போனது காரணம். தெருமுனை அடிகுழாயில் தோல் வாஷர் காய்ந்துவிட்டால் தண்ணீர் ஏறாது என்று நமக்குத் தெரியும். அதே சங்கதி, ஏழு உயிர்களோடு. பிறகு 2003-ஆம் ஆண்டு பிப்ரவரி 1-ஆம் தேதி கொலம்பியா. புறப்படும்போது நுரைப்பஞ்சுத் துண்டு ஒன்று இடச்சிறகின் முன்விளிம்பில் மோதி உடைத்திருந்தது. பதினாறு நாள் கழித்து இறங்குகையில் அந்த ஓட்டை வழியே வெப்பம் புகுந்து ஓடம் சிதறியது. கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லாவும் அதில் இருந்தார். மறு வாரம் எங்கள் பள்ளி இறைவணக்கத்தில் இரண்டு நிமிடம் மௌனமாக நின்றோம்.

இவற்றையெல்லாம் என் பழைய மாணவனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அவன் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பொறுப்பில் இருக்கிறான். தோலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, விரலால் ஒரு தடவு தடவி, இது மேல்தோலுக்கு ஆகும், இது ஆகாது என்று கணத்தில் சொல்லிவிடுவான். அவன் நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "சரி சார், இங்கே தட்டிப் பார்க்க ஆயிரம் ஆள் இருக்கிறது. செவ்வாயில் இறங்கின பிறகு பார்க்கிற ஆள் யார்?" என்றான்.

பெரிய பெரிய புத்தகங்களில் பத்துப் பக்கம் எழுதி விளக்குவதை ஒரே வாக்கியத்தில் கேட்டுவிட்டான். பூமியில் திரும்பப் பயன்படுத்துவது என்றால், பட்டறை இருக்கிறது, பாகங்கள் இருக்கின்றன, பார்க்கும் கண்கள் இருக்கின்றன. கிரகப் பிரயாணத்தில் கலம் தன்னைத்தானே பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கே ஓர் ஓடு உடைந்திருந்தால், அந்த உடைந்த ஓட்டோடுதான் பூமியின் காற்றில் புக வேண்டும். அதுவும் எந்த வேகத்தில்? பூமியைச் சுற்றும் கலம் இறங்கும் வேகம் 7.8 கிலோமீட்டர் என்றேன். செவ்வாயிலிருந்து நேரே வருகிற கலம் வினாடிக்குப் பதினோரு கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் வந்து புகும். வெப்பம் ஏறுவதோ வேகத்தின் வர்க்கத்தைக்கூட மீறி, ஏறக்குறைய அதன் கனத்தின் விகிதத்தில். அந்த வேகத்தைத் தாங்கித் தேயாமல் நிற்கும் கவசத்தைச் செய்வதுதான் இந்தத் துறையின் தலையாய சிக்கல் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். ஸ்டார்ஷிப் என்னும் மாபெரும் ராக்கெட்டு இந்த வேலையை நோக்கிச் செய்யப்படுவது. 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதப் பரீட்சையில் அதன் மேலடுக்கு இறங்கும்போது, மடல் ஒன்று எரிந்து உருகுவதை உலகமே படத்தில் பார்த்தது. அப்படியும் அது கடலில் மெதுவாக இறங்கிற்று. அதே ஆண்டு அக்டோபர் 13-ஆம் தேதி அதன் கீழடுக்கு, புறப்பட்ட கோபுரத்துக்கே திரும்பி வந்து, இரும்புக் கைகளுக்கு நடுவே பிடிபட்டது. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் இரண்டு தடவை மேலடுக்கு நடுவழியிலேயே வெடித்தும் போயிற்று. ஒரு படி ஏறி, ஒரு படி சறுக்கி என்றுதான் வேலை நடக்கிறது.

மேலே போன பிறகு எரிபொருள் நிரப்பிக்கொள்வது அடுத்த தொல்லை. அத்தனை பெரிய கலம் பூமியின் சுற்றுப்பாதைக்குப் போய்ச் சேர்வதற்குள் தன் தொட்டியைக் காலி செய்துவிடும். செவ்வாய்க்கோ சந்திரனுக்கோ போக வேண்டுமானால், பத்துக்கும் மேற்பட்ட ராக்கெட்டுகள் எரிபொருளைச் சுமந்து வந்து அதற்கு ஊற்ற வேண்டும் என்கிறார்கள். ஊற்றுவது என்கிறேன், அங்கே ஊற்றுவதற்குக் கீழும் இல்லை மேலும் இல்லை. திரவம் தொட்டிக்குள் உருண்டை உருண்டையாக மிதக்கும். கலத்தை மெல்ல முன்னே தள்ளி, திரவத்தை ஒரு பக்கமாக ஒதுக்கினால்தான் குழாயில் ஏறும். திரவ ஆக்ஸிஜன் கொதிப்பது சுழியத்துக்குக் கீழே 183 டிகிரியில். வெயில் பட்டால் ஆவியாகிவிடும். 2024 மார்ச்சில் ஒரே கலத்தினுள் ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிப் பார்த்தார்கள். கலத்திலிருந்து கலத்துக்கு மாற்றும் பரீட்சை 2025 முடியும் வரை நடக்கவில்லை.

நெடுநாள் தூங்கின எந்திரம் விழித்துக்கொள்ளுமா என்பது இன்னொரு கவலை. இதில் நம் நாட்டுக்கு அனுபவம் உண்டு. மங்கள்யானின் பெரிய எந்திரம் பூமியை விட்டகன்ற பிறகு சுமார் 300 நாள் சும்மா கிடந்தது. செவ்வாயை நெருங்கிய தருணத்தில் அது எரியாவிட்டால் கலம் சூரியனைச் சுற்றிக்கொண்டு போய்விடும். 2014 செப்டம்பர் 22-ஆம் தேதி நான்கு வினாடி மட்டும் எரித்துப் பார்த்தார்கள், எரிந்தது. 24-ஆம் தேதி காலை 24 நிமிடம் எரிந்து, கலம் செவ்வாயைச் சுற்றத் தொடங்கியது. மயில்சாமி அண்ணாதுரை, சுப்பையா அருணன் ஆகிய தமிழர்கள் அந்தத் திட்டத்தை நடத்தியவர்களில் முன்னின்றவர்கள். அதற்குப் பின் 2023-இல், விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல் இயக்குநராக இருந்த சந்திரயான் 3 திட்டத்தில், சந்திரனில் இறங்கிய விக்ரம் கலம் செப்டம்பர் 3-ஆம் தேதி மறுபடி எந்திரத்தை மூட்டி, சுமார் 40 சென்டிமீட்டர் எழும்பிச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தது. முழங்கால் உயரம்கூட இல்லை. ஆனால் அன்னிய மண்ணில் இறங்கிய ஒன்றை அங்கிருந்தே மறுபடி கிளப்ப முடியும் என்று நாம் செய்து பார்த்துக்கொண்ட முதல் பாடம் அது.

செவ்வாயில் இறங்குவது சந்திரனில் இறங்குவதைவிடத் தந்திரமானது. அங்கே காற்று உண்டு. ஆனால் பூமியின் காற்றழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. கலத்தைச் சுட்டெரிக்கப் போதும். குடை விரித்து இறங்கப் போதாது. 2021-இல் இறங்கிய பெர்சிவியரன்சு ஊர்தியே சுமார் ஒரு டன்தான். மனிதரை ஏற்றிய கலமோ பல பத்து டன் இருக்கும். திரும்புவதற்கு எரிபொருளை அங்கேயே தயாரித்துக்கொள்ள வேண்டும் என்று திட்டமிடுகிறார்கள். செவ்வாயின் காற்று பெரும்பாலும் கரியமில வாயு; அதிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரிக்கலாம். பெர்சிவியரன்சில் வைத்திருந்த சிறு கருவி இரண்டு ஆண்டுக்கு மேலாக அவ்வப்போது இயங்கி மொத்தம் 122 கிராம் ஆக்ஸிஜன் செய்தது. பெரிய கலம் கிளம்ப வேண்டியது நூற்றுக்கணக்கான டன். கிராமுக்கும் டன்னுக்கும் உள்ள தூரத்தைப் பிள்ளைகள் சொல்லட்டும்.

நம் நாடு என்ன செய்கிறது என்றும் கேட்பீர்கள். 2016-ஆம் ஆண்டு மே 23-ஆம் தேதி சிறகு வைத்த ஒரு சிறு கலத்தை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சுமார் 65 கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்பி, ஒலியைப் போல் ஐந்து மடங்கு வேகத்தில் இறங்கச் செய்து, வங்கக் கடலில் சேர்த்தார்கள். பிறகு கர்நாடகத்தில் சித்திரதுர்க்கம் அருகே 2023 ஏப்ரலிலும், 2024 மார்ச்சிலும் ஜூனிலுமாக மூன்று முறை, ஹெலிகாப்டரால் நாலரைக் கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்கிச் சென்று விட்டார்கள். அந்தக் கலம் ஆளில்லாமல் தானே வழி கண்டு ஓடுதளத்தில் இறங்கியது. புஷ்பக் என்று பெயரிட்டிருக்கிறார்கள். இரண்டாம் முறை இறங்கிய அதே உடம்புதான் மூன்றாம் முறையும் இறங்கியது. எங்களூர்க்காரனுக்கு அந்தச் செய்திதான் மிகவும் பிடித்திருந்தது. திரும்பி வரும் முதலடுக்கு கொண்ட புதிய பெரிய ராக்கெட்டு ஒன்றுக்கு 2024 செப்டம்பரில் மத்திய அரசு 8,240 கோடி ரூபாய் அனுமதித்தது. சுற்றுப்பாதையிலிருந்து இறங்கும் வெப்பத்தைச் சிறகுக் கலம் இனிமேல்தான் தாங்கிக் காட்ட வேண்டும்.

2023 ஜூலையில் மேற்கு ஆஸ்திரேலியாக் கடற்கரையில் ஒரு பெரிய உலோகக் கூடு ஒதுங்கியது. சிப்பி படிந்து கிடந்த அது நம் பி.எஸ்.எல்.வி. ஒன்றின் பாகம் என்று தெரிந்தது. எறிந்த பொருள் எங்கேயோ போய்விடும் என்று எங்கள் ஊரிலும் ஒரு காலத்தில் நினைத்தோம். பாலாற்றங்கரைக் கிணறுகள் உப்புக் கரித்த பிறகு, 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும்படி ஆயிற்று. தோலின் விலையில் அந்தக் கிணறுகளின் விலையைச் சேர்த்துக் கணக்கெழுதியவர் யாரும் இல்லை. ராக்கெட்டுக்கும் அப்படி ஒரு எழுதாத கணக்கு உண்டு போலும்.

சென்ற மாதம் என் மாணவன் தன் மகளை அழைத்து வந்தான். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். அவளிடமும் இதே பேச்சுத்தான். பூமியிலிருந்து செவ்வாய்க்குப் புறப்படத் தோதான காலம் 26 மாதத்துக்கு ஒரு முறைதான் வரும்; 2026-இன் இறுதியில் ஒன்று, அடுத்தது 2028-இன் இறுதியில் என்று சொன்னேன். போய், அங்கே காத்திருந்து, திரும்பி வர இரண்டரை ஆண்டுக்கு மேல் ஆகும் என்றும் சொன்னேன். அவள் நோட்டுப் புத்தகத்தில் என்னவோ எழுதிக்கொண்டிருந்தாள். பிறகு, "தாத்தா, அப்படியானால் திரும்பி வருவதற்குள் அடுத்த தடவை தவறிவிடும். 52 மாதத்துக்கு ஒரு முறைதான் அந்த ராக்கெட்டால் கிளம்ப முடியும். பத்துத் தடவை போய் வர 43 வருஷம் ஆகிறது. அப்பாவுக்கே 42 வயசுதான். அதற்குள் அது பழசாகிவிடாதா? அப்புறம் திரும்ப உபயோகிப்பதில் என்ன லாபம்?" என்று கேட்டாள்.

கணக்கைச் சரிபார்த்தேன். சரியாக இருந்தது. அவள் தகப்பன் என்னைப் பார்த்தான். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று பார்த்தான் என நினைக்கிறேன். எனக்கு விடை தெரியாது என்றேன். சீக்கிரம் போய்ச் சீக்கிரம் திரும்பும் பாதைகள் இருக்கின்றனவா, அவற்றுக்கு எவ்வளவு எரிபொருள் அதிகம் ஆகும் என்று அவள் அடுத்தபடி கேட்டாள். நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, புதுப் பக்கம் ஒன்று திருப்பச் சொன்னேன். அன்று இரவு எட்டு மணி வரை போட்டோம், முடியவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருகிறார்கள்.